இத்தாவில் எழுதிய உறுதி

அத்தியாயம் பதினான்கு

போன கிழமை உம்மு குல்தூமை, அவளுடைய வழக்கை எடுத்த பிறக்கிராசி அருமைநாயகத்தின் வீட்டு வாசலில் அழுதபடி விட்டுவிட்டு வந்தோம். அவள் அழுது முடித்து, காத்தான்குடிக்குத் திரும்பி, ஆறு நாளாக அரை வயிறும் கால் வயிறுமாகக் கழித்து, இன்றைக்கு விடிந்ததும் எழுந்து அடுப்பு மூட்டியிருக்கிறாள். இன்று புதன்கிழமை. மட்டக்களப்பு மாவட்டக் கோட்டில் வழக்கு.

வழக்குப் போட்டவர் வழிப்போக்கர் அல்ல. அவளுடைய ஒரே காக்கா, கூடப்பிறந்த மூத்தவர் இப்றாஹிம்.

வழக்கு, அவள் இப்போது அடுப்பு மூட்டுகிற இந்த வீட்டைப் பற்றியது.

காத்தான்குடியில் வீடு என்றால் பெண்ணுக்கு. மகனுக்கு வீடு கொடுக்கிற பழக்கம் இல்லை. அவன் கலியாணம் முடித்துப் பெண்சாதியின் வீட்டுக்குப் போய்விடுவான். இப்றாஹிமும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸகியாவின் வீட்டுக்கு அப்படித்தான் போனார். போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனார். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள் பிறந்தன. மூன்று பெண்ணுக்கும் ஒரே வீடு. மூத்தவளுக்குப் பதினொரு வயதானதும் அந்தக் கணக்கு அவருடைய நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணிக்கடையில் யாரோ பேப்பர் வாசித்தார்கள். கொழும்புப் பெரிய கோட்டில் ஒரு தீர்ப்பு. யாரோ ஒரு உம்மா மகளுக்கு வீட்டை நன்கொடை உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தாராம். ஆனால் வீட்டைவிட்டு இறங்காமல் அங்கேயே இருந்தாராம். ஆகவே உறுதி செல்லாது, இறங்கி ஒப்படைத்தால்தான் நன்கொடை என்று சொல்லிவிட்டார்கள். முகம் தெரியாத அந்தக் குடும்பத்தின் சண்டை ரெயிலேறி வந்து உம்மு குல்தூமின் கூரையைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது இப்படித்தான்.

உறுதி செல்லாவிட்டால் வீடு, மௌத்தாகி மண்ணுக்குள் போன உம்மாவுடையது. உம்மாவுடையது என்றால் பங்கு பிரிய வேண்டும். மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று.

உம்மு குல்தூம் ரொட்டி சுட்டு அடுக்கிக்கொண்டே இருந்தாள். அவளுடைய புருஷன் ஹமீட் தறியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

"நம்ம ரெண்டு பேருக்கு இவ்வளவா? என்ன இது, கைறுன்னிஸாட இத்தாக் கணக்கா?"

சொன்னபிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இந்தப் பகிடி ஊர் அறிந்தது. கைறுன்னிஸா என்பது உம்மு குல்தூமின் உம்மா. புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு இறங்காமல் இத்தா இருக்க வேண்டும். கைறுன்னிஸா உம்மா நாலு மாதமும் இருபது நாளும் இருந்தார். கேட்டவர்களுக்கு, "எண்ணிக்கை பிசகிட்டு புள்ள," என்றார். அன்றிலிருந்து யார் எதைக் கூடுதலாக எண்ணினாலும் காத்தான்குடியில் அது கைறுன்னிஸாவின் இத்தாக் கணக்கு.

"யோசிச்சிப் பாரு," என்றார் ஹமீட், பேச்சை மாற்றி. "மூணுல ஒண்டு எப்பிடியும் வரும். நடுவால தட்டி மறிச்சிட்டு ஒரு பக்கத்தில இரிக்கலாம். கோடேறின பொம்புள எண்டு பேர் வேணாம்."

"உங்கட வாப்பா ஹஜ்ஜுக்குக் கப்பலேறுற அவசரத்தில, வீட்டு உறுதி இல்லாம கலியாணக் காவின் எழுதேலா எண்டு நிண்டாரே, அண்டைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

ஹமீட் தறிப் பக்கம் திரும்பினார். நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடங்களில்தான் தறியில் நூல் அறுந்து போகும்.

"கோட்டு வாசல் மட்டும் வாறன்," என்றார். "உள்ளுக்கு வரமாட்டன். ஊர் முழுக்க அங்க நிக்கும்."

அவள் வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

*

கூடார வண்டில் கல்லடிப் பாலத்தில் ஏறியது. உம்மு குல்தூம் திரைச்சீலையை விலக்கவில்லை. வாவியை ஆயிரம் தரம் பார்த்தாயிற்று. இன்றைக்கு அவள் பார்க்க வேண்டியது ஒன்பது வருஷத்துக்கு முந்திய ஒரு பின்னேரத்தை.

அப்போது அவளுக்குப் பதினாறு வயது. வாப்பா மௌத்தாகி இரண்டு மாதம். கலியாணம் ஏற்கெனவே பேசியிருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா கப்பலேற முன்னர் முடித்துவிட வேண்டும் என்று நெருக்கினார்கள். உறுதி எழுதுகிற நொத்தாரிசு வீட்டுக்கே வந்தார். உம்மா திரைக்குப் பின்னால் இருந்து உறுதியில் பெருவிரல் அடையாளம் வைத்தார். போகிறபோது நொத்தாரிசு காக்காவைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

காக்கா முகம் வெளுத்து உள்ளே வந்தார்.

"உம்மா, சாவியத் தங்கச்சிட கையில குடுத்திட்டு நீங்க ஒருக்கா வீட்ட உட்டு இறங்கி நிக்கணுமாம். இல்லாட்டி உறுதி செல்லாதாம்."

"நான் இத்தாவில இரிக்கன் மகன்."

"தெரியும்."

"எப்பிடி மகன் இறங்குற?"

காக்கா வாசல் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்: "பாவம் என்ட தலையில உம்மா. தங்கச்சிட வீடு தங்கச்சிக்கு நிக்கணும்."

வெள்ளைச் சீலை ஒன்றை எடுத்து உம்மாவைத் தலையோடு மூடி, கையைப் பிடித்து, படலையைத் திறந்து, கடப்படிக்கு வெளியே கூட்டிப்போனார். ஒழுங்கையில் ஒரு குருவி இல்லை. உம்மா மணலில் நின்றார். உம்மு குல்தூம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் தனியே நின்றாள். ஒரு சோறு வேகிற நேரம் இருக்கும். அந்த நேரம் முழுவதும் உம்மா அந்த வீட்டை அந்நியர் வீட்டைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். படியில் கால் வைக்கவில்லை. படிக்கு வெளியே நின்று, மகளைப் பார்த்து, மரியாதையாகக் கேட்டார்:

"வீட்டுக்காரி, உள்ளுக்கு வரட்டா?"

"வாங்க உம்மா," என்றாள் உம்மு குல்தூம். சொல்லி முடிக்கமுன் அழுதுவிட்டாள். காக்காவும் அழுதார். மூவரும் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. இத்தாவில் ஒரு பெண் படி தாண்டியதைப் பேசுகிறவர் யார்?

ஆறு நாளைக்கு முன் பிறக்கிராசியார் அவளிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "உறுதி எழுதின அண்டு உங்கட உம்மா வீட்ட விட்டு இறங்கினாவா?"

அவள், இத்தாவில் இருந்தவர் எப்படி இறங்குவார் என்று சொன்னாள். அவர் பேனையை மூடி வைத்துவிட்டார்.

"அப்ப வழக்கு முடிஞ்சிது தங்கச்சி. இந்த உறுதியை ரெண்டு வருஷம் பிந்தி எழுதியிருந்தா ஒரு கரைச்சலும் இல்ல. முப்பத்தியொண்டில புதுச்சட்டம் வந்திட்டுது. உறுதியைக் கையில குடுத்தாலே வீட்டைக் குடுத்ததுக்குச் சாட்சி. உங்கட உறுதி இருபத்தொன்பது. பழைய தீர்ப்புகள்தான் ஆளும்."

அப்போதுதான் அவள் உம்மாவின் இரகசியத்தை உடைத்தாள். காக்காவின் கையைப் பிடித்து இறங்கினார், நின்றார், திரும்பி வந்தார் என்று சொன்னாள். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. அருமைநாயகம் பேனையை மறுபடி திறந்தார்.

"திரும்பி வந்து இருந்தது குற்றமில்ல. இறங்கினது உண்மையெண்டா, பிறகு அவ இருந்தது மகள்ர வீட்டில விருந்தாளியா இருந்த மாதிரி. ஆனா அதை நீங்க எல்லாருக்கும் முன்னால சொல்லவேணும். கூட்டிப்போன ஆளும் இல்லையெண்டு சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டார்," என்றாள் உம்மு குல்தூம். "குர்ஆனத் தொட்டுட்டு என்ட காக்கா பொய் சொல்ல மாட்டார்."

தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். அவள் அந்தப் பழமொழியை நம்பித்தான் வண்டிலில் இருந்தாள். அவள் அம்மை போட்டுக் கிடந்தபோது வேப்பங்குழையால் இரவு பகலாக விசிறியவர் காக்கா. அப்படிப்பட்டவர் வீட்டைக் கேட்கலாம். பொய் சொல்ல மாட்டார்.

*

கோட்டு வாசலில் காத்தான்குடி ஆண்கள் இருபது பேராவது நின்றார்கள். சிலர் இப்றாஹிமுக்காக, சிலர் ஹமீட்டுக்காக, மிச்சப்பேர் வேடிக்கைக்காக. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஹமீட் சொன்னபடியே வாசலோடு நின்றுவிட்டார்.

காக்கா புதுச் சாரம் உடுத்தியிருந்தார். அவளை அவர் பார்க்கவில்லை.

சாட்சிக் கூண்டில் ஏறி, குர்ஆனைக் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு சத்தியம் பண்ணினார். அவருடைய அப்புக்காத்து வினாயகமூர்த்தி மெதுவாகக் கேட்டார். நீதிபதிக்குக் கோட்டு முதலியார் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்.

"உறுதி எழுதின நேரம் உங்கட தாயார் எங்க இருந்தா?"

"வீட்டுக்குள்ள. இத்தாவில."

"உறுதி எழுதி முடிஞ்ச பிறகு, அண்டைக்கோ அடுத்த நாளோ, வீட்ட விட்டு வெளிய போனாவா?"

உம்மு குல்தூம் காக்காவையே பார்த்தாள்.

காக்கா நிமிர்ந்தார். ஆண்கள் நின்ற பக்கம் பார்த்து, நல்ல தெளிவான குரலில் சொன்னார்: "என்ட உம்மா மார்க்கம் தெரிஞ்ச பொம்புள. படி தாண்டல்ல."

பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரு மகன் உம்மாவின் மானத்தைக் காக்கிறான் என்றால் தலையாட்டாமல் என்ன செய்வார்கள்?

உம்மு குல்தூமுக்கு முதலில் கோபம் வரவில்லை. காது அடைத்துக்கொண்டது. கையைப் பிடித்துக் கூட்டிப்போன அந்தக் கைதான் இப்போது குர்ஆனின் மேல் இருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்? வீடு போனால் போகட்டும் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. வீட்டைவிடப் பெரிய ஒன்று இப்போதுதான் போய்விட்டிருந்தது.

அருமைநாயகம் எழுந்தார்.

"உங்கட தாயார் இத்தாவில எத்தின நாள் இருந்தா?"

"நாலு மாசமும் பத்து நாளும்."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்து, உடனே இருமலாக மாறியது. அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு இருமல். நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று முதலியாரிடம் கேட்டார். முதலியாருக்கும் தெரியவில்லை.

ஆனால் அருமைநாயகம் முப்பது வருஷமாகக் கோட்டு வாசலில் மனுஷரைப் பார்த்தவர். இருமல் எதற்கு வரும், சிரிப்பு எதற்கு இருமலாகும் என்று அவருக்குத் தெரியும்.

"இன்னொருக்கா யோசிச்சுச் சொல்லுங்க. ஊர் முழுக்க இஞ்ச நிக்குது."

இப்றாஹிம் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "பத்து நாள் கூட இருந்தாங்க. எண்ணிக்கை பிசகிட்டு."

"தாயார் என்ன தொழில் செய்தவ?"

"நெசவுகாரங்களுக்குப் பாவு ஓட்டிக் குடுக்கிறவங்க."

"ஒரு பாவில எத்தின இழை?"

"ஆயிரத்திருநூறு இரிக்கும்."

"ஒரு இழை குறைஞ்சா?"

முதலியார் கேள்வியைத் திருப்பிச் சொன்னார்.

"கண்டுபுடிப்பாங்க," என்றார் காக்கா, தாழ்ந்த குரலில்.

அருமைநாயகம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கே அந்தப் பத்து நாளின் பொருள் இன்னும் தெரியாது. ஏதோ கிடக்கிறது என்று மட்டும் மணம் பிடித்திருந்தார். ஆனால் உம்மு குல்தூமுக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது.

ஒன்பது வருஷமாக அவளும் அந்தப் பகிடிக்குச் சிரித்திருக்கிறாள். ஆயிரத்திருநூறு இழையில் ஒன்று குறைந்தால் விரலால் தடவியே சொல்லிவிடுகிற உம்மா, நாள் எண்ணத் தெரியாமல் போனாராம். உம்மா பிசகவில்லை. படி தாண்டிய ஒரு பின்னேரத்துக்குத் தனக்குத் தானே பத்து நாள் விதித்துக்கொண்டார். அப்படி மார்க்கத்தில் இருக்கிறதா என்று எந்த ஆலிமிடமும் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று சிரிப்பையும் வாங்கிக்கொண்டார்.

*

அவளைக் கூப்பிட்டார்கள். கூண்டின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குர்ஆனை வாங்கிச் சத்தியம் பண்ணினாள்.

"உறுதி எழுதின அண்டு தாயார் வீட்ட விட்டு இறங்கினாவா?" என்று கேட்டார் அருமைநாயகம்.

அவள் நிமிர்ந்து காக்காவைப் பார்த்தாள். இந்தத் தரம் அவரும் பார்த்தார். தலையை ஒரு நூலளவு அசைத்தார். அவள் சின்னவளாக இருந்தபோது கிணற்றுக்கட்டில் ஏறினால் அப்படித்தான் தலையை அசைப்பார். வேணாம் என்று அர்த்தம்.

"ஓம்," என்றாள் உம்மு குல்தூம். "இறங்கினா. கடப்படிக்கு வெளிய போய் நிண்டா."

பின்னால் ஒரே சலசலப்பு. நீதிபதி மேசையைத் தட்டினார்.

"திரும்பி எப்பிடி வந்தா?"

"வாசல்ல நிண்டு என்னிட்டக் கேட்டா, உள்ளுக்கு..."

வினாயகமூர்த்தி எழுந்துவிட்டார். மௌத்தானவரின் வார்த்தையைச் சாட்சியாகச் சொல்ல முடியாது, அந்த வார்த்தையைச் சோதிக்க ஆளில்லை என்று இங்கிலீஷில் வேகமாகச் சொன்னார். பழைய தீர்ப்பு ஒன்றின் பெயரையும் சொன்னார். நீதிபதி கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். அந்த வார்த்தையைக் கேட்பதா விடுவதா என்பதை வாதம் கேட்டுவிட்டு முடிவு செய்வாராம்.

வார்த்தை அவளுடைய வாயிலேயே நின்றுவிட்டது.

பிறகு வினாயகமூர்த்தியின் முறை. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"உங்கட தாயாரில உங்களுக்கு மரியாதை இருக்கா?"

"இரிக்கி."

"இத்தாவில படி தாண்டுறது குற்றம் எண்டு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஒரு வீட்டுக்காக உங்கட தாயார் இத்தாவை முறிச்சவ எண்டு, அவ கபுறில கிடக்கேக்க, ஊராக்களுக்கு முன்னால சொல்றீங்க. அப்பிடித்தானே?"

வெளியே வாசலில் ஹமீட்டின் நிழல் தெரிந்தது. உள்ளே வரமாட்டேன் என்றவர் ஒரு காலை உள்ளே வைத்திருந்தார்.

உம்மு குல்தூம் பலகையை இறுகப் பிடித்தாள்.

"ஓம். முறிச்சா. எனக்காக முறிச்சா. முறிச்சதுக்குப் பத்து நாள் கூட இருந்து தீர்த்தா." கொஞ்சம் நிறுத்தினாள். "என்ட உம்மாக்கு எண்ணத் தெரியும்."

இந்தத் தரம் யாரும் இருமவில்லை.

"வெளிய கூட்டிப்போனது ஆர்?" என்று எழுந்து கேட்டார் அருமைநாயகம்.

"அந்தா இரிக்கார்," என்றாள். கையை நீட்டவில்லை. நீட்ட வேண்டியிருக்கவில்லை.

*

நீதிபதி நீளமாக எழுதினார். பிறகு முதலியார் எழுந்து தமிழில் சொன்னார்: சத்தியம் பண்ணிய ஒருவர் இறங்கவில்லை என்கிறார், இன்னொருவர் இறங்கினார் என்கிறார். பத்து நாள் கணக்கு நீதிபதியை யோசிக்க வைக்கிறது. ஆனால் யோசனை சாட்சி ஆகாது. வேறு சாட்சி உண்டா?

அருமைநாயகம் ஒரு கிழமை தவணை கேட்டார். கிடைத்தது.

வெளியே வாகைமர நிழலில் அவர் அவளிடம் தணிந்த குரலில் பேசினார்.

"வாசல்ல நிண்டு உங்கட உம்மா என்னவோ கேட்டா எண்டீங்களே. அது என்ன எண்டு எனக்கு இப்ப சொல்லாதீங்க. நான் சொல்லித் தந்தன் எண்டு சொல்லுவாங்க. ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. ஜட்ஜ் விட்டா அடுத்த புதன் சொல்லுங்க. ஆனா தங்கச்சி, ஒண்டு கேளுங்க. வேற ஒரு வாய் வந்து அதே வார்த்தையச் சொன்னா, வீடு உங்களுக்கு. சொல்லாட்டி, நான் பொய் நம்பிக்கை தரமாட்டன்."

"வேற வாய் இல்ல ஐயா," என்றாள். "மூணு பேர்தான்."

அவர் போனபிறகு காக்கா வந்தார். ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறந்து, வண்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உம்மாட பேரைக் கோட்டில போட்டு மிதிச்சிட்டாய். நான் அவங்கட மானத்தக் காப்பாத்தினன்."

உம்மு குல்தூம் அவரைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் வராத கோபம் இப்போது வந்தது. ஆனால் குரல் தணிந்தே வந்தது.

"பாவம் என்ட தலையில எண்டு அண்டைக்குச் சொன்னீங்க காக்கா. உம்மா அத உங்கட தலையில உடல்ல. பத்து நாள் இருந்து தானே சுமந்தா. நீங்க இண்டைக்கு அவட மானத்த எடுத்து அவட மகள்ர வீட்டுக்குக் கத்தியாப் புடிச்சீங்க."

"எனக்கு மூணு குமர் இரிக்கி, குல்தூம்." அவருடைய குரல் உடைந்தது. "மூணு குமர், ஒரு வீடு. நான் என்ன செய்ற?"

"என்னிட்டக் கேட்டிருக்கலாம். தங்கச்சி, எனக்கு வழியில்ல எண்டு வாசல்ல வந்து சொல்லியிருக்கலாம். உங்கட புள்ளகளுக்கு வீடு கட்ட நான் கல்லுச் சுமந்திருப்பன்."

காக்கா வண்டிலின் சட்டத்திலிருந்து கையை எடுத்தார். திரும்பி நடந்தார். புதுச் சாரத்தின் ஓரம் புழுதியில் இழுபட்டது. அதைத் தூக்கிக் கட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வண்டில் பாலத்தைத் தாண்டியது. ஹமீட் முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"அடுத்த புதன் நான் உள்ளுக்கு வாறன்."

அவள் திரைச்சீலையைச் சரிசெய்தாள். நேரம் பிந்தி வந்த நல்ல வார்த்தைக்கு உடனே பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை.

*

வீட்டுக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியால் கதவைத் திறந்தாள். காலையில் சுட்ட ரொட்டி அப்படியே இருந்தது. ஒருவரும் சாப்பிடவில்லை. அஸர் தொழுதுவிட்டு, அழுகை வருமோ என்று பார்த்தாள். வரவில்லை. உலை வைத்தாள்.

மூன்று பேர். அவள் அதையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். உம்மா கபுறில். காக்கா இன்றைக்குச் சத்தியம் பண்ணி அதை அழித்துவிட்டார். மிச்சம் தான் ஒருத்தி. ஒரு வாய் போதாது என்கிறது கோடு.

கடப்படியில் படலை சத்தம் போட்டது.

அடுப்படியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள். காக்காவின் பெண்சாதி ஸகியா. இடுப்பில் கடைசிப் பெண்குழந்தை. போட்டது போட்டபடி ஓடிவந்தவள் போல் காலில் செருப்பில்லை.

கேட்டிருப்பாள். கோட்டில் நடந்தது அவர்கள் பாலம் தாண்டுமுன் ஊருக்கு வந்திருக்கும். சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று உம்மு குல்தூம் நினைத்தாள். அவளும் பெற்றவள்தானே, மூன்று குமர் அவளுக்கும்தானே. வரட்டும், இன்றைக்குக் கேட்டதோடு இதையும் கேட்டுக்கொள்வோம் என்று அகப்பையோடு எழுந்தாள்.

பன்னிரண்டு வருஷமாக ஸகியா இந்த வீட்டுக்கு வந்தால் நேரே அடுப்படிக்குத்தான் வருவாள். வரும்போதே சட்டியைத் திறந்து என்ன கறி என்று பார்ப்பாள். இன்றைக்கு அவள் முற்றத்தைத் தாண்டி வந்து, வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டாள். படியில் கால் வைக்கவில்லை. குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

உம்மு குல்தூம் வாசலுக்கு வந்தாள்.

ஸகியா அவளுடைய முகத்தைப் பார்த்து, மரியாதையாகக் கேட்டாள்:

"வீட்டுக்காரி, உள்ளுக்கு வரட்டா?"

அடுப்பில் உலை பொங்கி நெருப்பில் வழிந்தது. மூன்று பேர் என்று எண்ணிய கணக்கு பிசகிவிட்டது; அந்த வார்த்தையைச் சொல்ல நாலாவது வாய் ஒன்று இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் "வாங்க" என்று சொன்ன வாயில் இன்றைக்கு வார்த்தை வரவில்லை. ஸகியா படிக்கு வெளியே காத்துக்கொண்டு நின்றாள்.